மேக்கப் என்றால் ஒப்பனை மட்டும்தானா?

பாளையங்கோட்டை மாணவி:
வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் நான், 'மேக் அப்' என்ற வினையை இதுநாள்வரை முகப்பூச்சோடு மட்டுமே சேர்த்து அறிந்திருந்தேன். பயிற்சித்தாளிலோ அது ஓரிடத்தில் பொய்க்கதை புனைவதையும், அடுத்த இடத்தில் சண்டையிட்ட தோழிகள் ராசியாவதையும், பிறிதோரிடத்தில் தவறவிட்ட வகுப்பை ஈடுசெய்வதையும் குறிக்கிறது. இவற்றை இணைக்கும் இழை ஏதேனும் உண்டா, மனப்பாடம்தான் வழியா?

உடன்குடிக்காரன்:
தங்கச்சி, நம்முடைய 'கட்டு' என்ற வினையை எண்ணிப்பாருங்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேடம் கட்டுகிறார்கள். இல்லாததைச் சொல்பவன் கதை கட்டுகிறான். வியாபாரி நட்டத்தை ஈடுகட்டுகிறான். உதிரியாகக் கிடப்பதைச் சேர்த்து உருவாக்குவதும், குறைவதை இட்டு நிரப்புவதும் ஆங்கில வினையின் அடியிலும் இருக்கின்றன. நாடக நடிகர் பாத்திரத்துக்கேற்பத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டதும் அவ்வகையே. நாம் அந்த ஒரு பொருளை மட்டும் கடன் வாங்கி, அதையே முழுச்சொல் என்று நினைத்துக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
ஒப்புமை அழகானது, ஆனால் கடைசிவரை இழுத்தால் அறுந்துவிடும். பதினொரு பேர் சேர்ந்தது ஓர் அணி என்பதற்கும், ஒரு முடிவுக்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான் வரும். அங்கே 'கட்டு' நுழையாது. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பொருளில் அன்று, சொற்கள் நிற்கும் இடத்தில்தான். கதை புனைந்ததைச் சொல்லும்போது 'மேட் அப் எ ஸ்டோரி' சரி; கதைக்குப் பதிலாக 'இட்' வந்தால், 'மேட் இட் அப்' என்று நடுவில்தான் அது நிற்க வேண்டும். 'ஃபார்' சேர்ந்து ஈடுசெய்தலைக் குறிக்கும்போதோ, 'மேட் அப் ஃபார் இட்' என்று இறுதிக்குப் போய்விடும். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, இத்தகைய கூட்டுவினைகள் அயலாருக்குப் பெரும் இடர் தருவன என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகையால் தங்கள் குழப்பத்துக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை மாணவி:
அண்ணாச்சிக்கும் ஐயாவுக்கும் நன்றி. அக்காளோடு ராசியானதாகச் சொல்ல நினைத்து, 'ஷி மேட் அப் ஹெர் சிஸ்டர்' என்று எழுதியிருந்தேன். 'வித்' விடுபட்டதுதானே பிழை?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:
ஆம். 'வித்' இல்லாவிட்டால், இல்லாத ஓர் அக்காளை அவள் கற்பனையில் படைத்துவிட்டாள் என்றே படிப்பவர் கொள்வர்.