கட்டில் சட்டங்களுக்கு இடையே சிக்கும் குழந்தையின் கால்: பம்பர் கட்டாமல் என்ன செய்யலாம்?

மதுரையில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. இரண்டு வாரங்களாக, அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டிலின் பக்கச் சட்டங்களுக்கு இடையே கால் முழங்கால் வரை நுழைந்து சிக்கிக்கொள்வதால், இரவில் மூன்று முறையாவது அழுது எழுகிறாள்.

கட்டில், உள்ளூர்த் தச்சர் செய்த தேக்குக் கட்டில். நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ., சட்டங்களுக்கு இடையே 8 செ.மீ. இடைவெளி. இது 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பம்பரை, அதாவது கட்டிலின் உள்பக்கம் சுற்றிலும் நாடாவால் கட்டும் பஞ்சு வைத்த தடுப்பை, கட்டிவிட்டால் போதும் என்கிறார் மாமியார், வாங்கியும் வந்துவிட்டார். ஆனால் முகம் அதில் அழுந்தினால் மூச்சு முட்டும், நாடா கழுத்தில் சுற்றலாம் என்று குழந்தை மருத்துவர் தடுத்துவிட்டார். அமெரிக்காவில் 2022இல் இதன் விற்பனையையே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள்.

பழைய பருத்திப் புடவையைச் சட்டங்களில் இறுக்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒரே இரவில் தளர்ந்து தொங்கியதால் அவிழ்த்துவிட்டேன். மெத்தையைக் கீழ்ப்படிக்கு இறக்கியும் பயனில்லை. இடையிடையே 2.5 செ.மீ. சட்டம் ஒன்றைச் சேர்க்கலாம் என்கிறார் தச்சர். அப்போது மிஞ்சும் 3 செ.மீ.க்கும் குறைவான இடுக்கில் கால் நுழைந்தால் எடுப்பது இன்னும் கடினமாகாதா?

இப்படிப்பட்ட கட்டிலின் சட்டங்களைக் கழற்றி, 5 செ.மீ. இடைவெளியில் மாற்றி அடித்துப் பயன்படுத்தியவர்கள் யாரேனும் உண்டா, அது உறுதியாக நிற்கிறதா?