பெர்ஸ்பெக்டிவை நம்பலாமா?

தேக்காவாசி:
இங்கே சிங்கப்பூரில் வீடு வாங்கப்போகும் என் அக்கா மகள் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் விளம்பரப் படத்தைக் காட்டினாள். வரவேற்பறை பேட்மிண்டன் திடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. பிளானைப் பார்த்தால் அகலம் 3 மீட்டர்கூட இல்லை! தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கி, கண்ணுக்குத் தெரிகிறபடி வரையும் இந்தப் பெர்ஸ்பெக்டிவைக் கட்டடக்கலைப் படிப்பில் இன்னும் ஏன் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? 1435இல் அதற்கு விதிமுறை எழுதிய இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டியே, ஆழமும் நிழலும் காட்டுவது ஓவியன் வேலை, கட்டடம் கட்டுபவன் உண்மை அளவில் பிளானும் மாடலும் தரட்டும் என்று பிறகு எழுதிவிட்டார்.

கோடுபோடுகிறவள்:
படத்தின் மேல் பழிபோடாதீர்கள் அண்ணே, பார்க்கும் தூரம்தான் சிக்கல். 90 பாகைக் கோணத்தில் போட்ட படத்தை அதன் அகலத்தில் பாதித் தூரத்திலிருந்து பார்த்தால்தான் அறை அறையாகத் தெரியும். 14 செ.மீ. அகலக் கைப்பேசித் திரை என்றால் 7 செ.மீ. தூரம்! யார் அப்படிப் பார்ப்பார்கள்? தள்ளிவைத்துப் பார்க்கிறோம், அறை நீண்டுவிடுகிறது, ஓரத்து சோபா இழுபடுகிறது.

தேக்காவாசி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஃபுளோரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி தன் பெர்ஸ்பெக்டிவ் படத்தில் துளைபோட்டு, பின்பக்கமிருந்து ஒற்றைக்கண்ணால் எதிரே பிடித்த கண்ணாடியில் பார்க்கவைத்தார். அசையாமல் நின்றால்தான் அந்த வித்தை பலிக்கும். சிராங்கூன் சாலையில் யார் அப்படி நிற்கிறார்கள்?

கோடுபோடுகிறவள்:
சிராங்கூன் சாலைக்கே வருவோம். கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக்கீழ் ஓடும் ஐந்தடிப் பாதை பிளானில் என்ன? இரண்டு கோடு, ஓரமாகத் தூண்களுக்குச் சில சதுரம். 1822இல் பிரிட்டிஷ் ஆட்சியாளர் ராஃபிள்ஸ் தொடர்ச்சியான கூரை நடை வேண்டும் என்று உத்தரவிட்டதற்கு அது போதும். நடந்து பாருங்கள். தூரத்துத் தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சாலையையே மறைக்கும் சுவராகிவிடும். கிட்டே போனதும் இரண்டு தூணுக்கு நடுவே பளீரென்று வெயில், ஒரு பேருந்து, மறுபடி தூண். உள்பக்கம் பூக்கடை மேசை நீட்டிக்கொண்டிருந்தால் தோளை ஒடுக்கவேண்டும். இதை எந்தப் பிளான் சொல்லும்?

பழையஸ்கேல்:
கட்டடத்தை நெட்டுக்குத்தாக வெட்டி உள்ளே பார்ப்பதுபோல் வரையும் செக்ஷன் பெர்ஸ்பெக்டிவை ரெண்டு பேரும் மறந்துட்டீங்களே! அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப் அதில் மன்னன். நம்ம கிரேஞ்ச் சாலை கோலோனேட் கட்டடமும் பீச் சாலை கான்கோர்ஸ் கட்டடமும் அவர் வடிவமைத்தவைதான். வெட்டுமுகத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாம், அதற்குப் பின்னால் அறைகள் உள்வாங்கிப் போகும்.

தேக்காவாசி:
அளக்க முடிவது அந்த வெட்டுமுகத்தை மட்டும்தானே ஐயா? உள்ளே எவ்வளவு ஆழம் என்று நமக்குத் தோன்றுவது, வரைபவர் கண்ணை எங்கே வைத்தார் என்பதைப் பொறுத்தது. அவர் விற்பவரின் ஆளாக இருந்தால்?

கோடுபோடுகிறவள்:
சரி, அக்கா மகளிடம் பிளானை மட்டும் கொடுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் ஜன்னலில் வானம் தெரியுமா, எதிர் புளோக்கின் துணிக்கம்பு தெரியுமா என்று கேட்பாள். என்ன பதில் சொல்வீர்கள்?

தேக்காவாசி:
செக்ஷனில் கண் மட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்தால் போச்சு. பெர்ஸ்பெக்டிவ் வேண்டவே வேண்டாம்.

பழையஸ்கேல்:
தம்பி, கண்ணிலிருந்து கோடு இழுத்துவிட்டு அது பெர்ஸ்பெக்டிவ் இல்லை என்கிறீங்களே!