ஜூலை மழையில் மாடிக்கு வந்த ஆலா

போன ஜூலையில் மூன்று நாள் விடாத மழை, காற்று. நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் காலையில் மொட்டை மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரோரம் ஒரு பறவை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. புறாவைவிடச் சற்று நீளம். மேலே கருமை, கீழே வெள்ளை, ஊசி போன்ற கறுத்த அலகு, பிளந்த வால். கிட்டே போனேன், பறக்கவில்லை. அலகை மட்டும் திறந்து மூடியது.

ஆலா, அதாவது நீருக்கு மேலே பறந்து மீன் பிடிக்கும் பறவை, என்பது வரைக்கும் தெரிந்தது. சுசீந்திரம் குளத்தில் வருடா வருடம் பார்க்கிற மீசை ஆலா இல்லை. இரண்டு படம் எடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து உள்ளே வைத்தேன். பக்கத்து வீட்டு மாமா வெகுகாலம் ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர். எட்டிப் பார்த்ததுமே, "மக்ளே, இது கரைக்கு வராத சாதி. ராத்திரி போட்டுல வந்து உக்காரும். வாயில தண்ணி கிண்ணி ஊத்திராத" என்றார். வனத்துறைக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குள் நான் பறவைப் புத்தகத்தைப் புரட்டி 'சூட்டி டெர்ன்' (டெர்ன் என்றால் ஆலா) என்று முடிவு கட்டிவிட்டேன். லட்சத்தீவின் பிட்டி தீவில் கூடு கட்டுகிற பறவை. குஞ்சு வளர்ந்து கடலுக்குக் கிளம்பினால், கூடு கட்டத் திரும்பும்வரை பல வருடம் பறந்துகொண்டே இருக்கும் என்று படித்ததிலிருந்து அதன்மேல் எனக்குத் தீராத ஆசை. பார்த்த பறவைகளைப் பதிகிற இணையதளமான இ-பேர்டில் அந்தப் பெயரிலேயே பதிந்தேன்.

இரவே அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து கேள்வி வந்தது. நெற்றி வெள்ளை கண்ணோடு நிற்கிறதா, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறதா? முதுகும் உச்சந்தலையும் ஒரே கறுப்பா?

என்னை நம்பவில்லையோ என்று முதலில் மனசு சுருங்கியது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு மெல்லிசாக, புருவம் தீட்டியதுபோல, கண்ணைக் கடந்து ஓடியது. மழையில் நனைந்து கறுப்பாகத் தெரிந்த முதுகு உண்மையில் சாம்பல் கலந்த பழுப்பு, உச்சந்தலைதான் கறுப்பு. அது பிரைடில்டு டெர்ன். மகாராஷ்டிரக் கரையோரம் வெங்குர்லா பாறைகளில் கூட்டமாகக் கூடு கட்டுவது. அதுவும் கரையில் காணக் கிடைக்காத கடற்பறவைதான். ஆனால் நான் எழுதியது அதை அல்லவே.

கூந்தன்குளம் பக்கத்து நண்பர் ஒருவருக்கும் இப்படி நடந்தது. ஊர்க்குளத்தில் பூநாரை என்று அனுப்பினார். படத்தில் இருந்தவை சங்குவளை நாரைகள். வால் பக்கத்து ரோஜா நிறம் அவரை ஏமாற்றிவிட்டது. பூநாரைக்கு அலகு நடுவில் மடங்கியிருக்கும். இதற்கு நீண்ட மஞ்சள் அலகு, மார்பில் கறுப்புப் பட்டை. அந்த வட்டாரத்துக்கு இரண்டும் வரும் என்பதால் அவரைக் குறை சொல்லவே முடியாது. இன்னொருவர் அக்டோபரில் வீட்டுக்குள் விழுந்து கிடந்த பச்சை, நீலம், சிவப்புக் குருவியைக் கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுப் பறவை என்று நினைத்தார். அது ஆறுமணிக் குருவி, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் வலசை வருவது. இதெல்லாம் யாரோ ஒருவர் திருப்பிக் கேட்டதால் தெளிந்தவை. கேட்பவர்மேல் கோபப்படாதீர்கள். நான் இப்போது புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே அலகு, நெற்றி, முதுகு, கால் என்று கண்ணில் பட்டதை நோட்டில் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காற்று தணிந்ததும் மணக்குடிக் கடற்கரையில் வனத்துறையினர் ஆலா இருந்த பெட்டியைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் மணலில் அசையாமல் நின்றது. பக்கவாட்டில் தலையைத் திருப்பியபோது அந்த வெள்ளைப் புருவம் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. பிறகு இரண்டு எட்டு வைத்து எழும்பி, அலைக்கு மேல் தாழ்வாகத் தெற்கே போனது. வீட்டுக்கு வந்து பதிவில் பெயரை மாற்றினேன்.