பொண்ணு மூன்று வருடமாக செஸ் ஆடுகிறாள், எட்டு மாதம் முன்பு சேர்ந்த பையன் ஜெயிக்கிறான். இது பிறவித் திறமையா?

கரூர்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து செஸ் கிளாஸ் போகிறாள். வாரம் மூன்று நாள் கிளாஸ், வீட்டில் தினமும் ஒரு மணி நேரம். நாங்கள் யாரும் உட்காரச் சொல்வதில்லை, பள்ளியிலிருந்து வந்ததும் பாலைக் குடித்துவிட்டு அவளாகவே போர்டை எடுத்து வைத்துக்கொள்வாள். தீபாவளிக்கு அப்புறம் அதே கிளாஸில் ஒரு பையன் சேர்ந்தான், இவளைவிட ஒரு வயது சின்னவன். சேர்ந்த அன்று அவனுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது, இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது இரண்டு பேரும் ஐந்து ஆட்டம் ஆடினால் நாலு அவன் ஜெயிக்கிறான்.

அதுகூடப் பரவாயில்லை. போன சனிக்கிழமை கூப்பிடப் போனபோது கோச் அவள் காதுபடவே சொன்னார்: "இதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார். அந்தப் பையனுக்கு இருக்கு. உங்க பொண்ணு நல்ல உழைப்பாளி, ஒரு லெவல் வரைக்கும் வருவா." வண்டியில் வரும்போது அவள் வாயே திறக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "அப்பா, உழைப்பாளின்னா மூளை கம்மின்னு அர்த்தமா?"

இல்லம்மா என்றேன். ஆனால் அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. 10,000 மணி நேரம் பயிற்சி எடுத்தால் யாரும் எதிலும் பெரிய ஆள் ஆகலாம் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது உண்மையா? இல்லை, கோச் சொன்னதுதான் உண்மையா? உண்மை எதுவோ அதைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.

---

ஏழாம்_வரிசை எழுதியது:

சார், நான் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். முதலில் ஒன்று: ஒரு குழந்தையின் காதுபட அப்படிச் சொன்னது பெரிய தப்பு. எட்டு வயதுப் பையனையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் பார்த்து யார் எந்த லெவல் வரை வருவார்கள் என்று சொல்ல எந்தக் கோச்சாலும் முடியாது. நானே இருபது வருடம் முன்னால் இப்படிச் சிலரைக் கணித்திருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் போனது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதைச் சோதித்துப் பார்க்கவே பிள்ளைகளை வளர்த்த குடும்பம் ஒன்று உண்டு. ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்து லாஸ்லோ போல்கார். மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்று நம்பியவர் அவர். சூசன், சோஃபியா, யூதித் என்று மூன்று பெண்கள், மூவருக்கும் வீட்டிலேயே படிப்பு, வீட்டிலேயே செஸ். 1991இல் சூசனும் யூதித்தும் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். யூதித் அப்போது 15 வயது 4 மாதம், மிகச் சின்ன வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்று அமெரிக்காவின் பாபி ஃபிஷர் 1958இல் வைத்த சாதனையை முறியடித்தார். 2005இல் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்த உலகத் தரவரிசையில் எட்டாம் இடம். பெண்களுக்குப் பெரிய செஸ் வராது என்று பெரிய ஆட்டக்காரர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் அதே வீட்டுக்குள்ளேயே பாருங்கள், நடுப் பெண் சோஃபியா அதற்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தோடு நின்றார். அதுவும் சாதாரணமில்லை, 1989இல் ரோம் போட்டியில் ஒன்பது ஆட்டத்தில் 8.5 புள்ளி எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே முறை, மூன்று பெண்களும் மூன்று இடத்தில். இதை வைத்துப் பயிற்சிக் கட்சியும் பேசலாம், பிறவிக் கட்சியும் பேசலாம்.

அந்த 10,000 மணி நேரக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1993இல் உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட இருந்தவர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே இருந்ததிலேயே சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்த நேரத்தின் சராசரி அது. சராசரிதான் சார். பாதிப் பேர் அந்த அளவைத் தொடவே இல்லை. அத்தனை மணி நேரம் முடித்தால் யாரும் மேதை ஆகலாம் என்று எரிக்சன் சொல்லவும் இல்லை.

செஸ்ஸில் இதற்குச் சரியான கணக்கு அர்ஜென்டினாவில் எடுத்தது. கோபே, காம்பிதெல்லி என்று இரண்டு ஆய்வாளர்கள் நூறு பேருக்கு மேல் கேட்டு 2007இல் எழுதினார்கள். மாஸ்டர் நிலைக்கு வர ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அதற்கும் மேலே உழைத்து மாஸ்டர் ஆகாதவர்களும் அதில் இருந்தார்கள். ஆக, சீக்கிரம் வருகிறவன் இருக்கிறான் என்பது உண்மை, அந்தப் பையன் அப்படிப்பட்டவனாக இருக்கலாம். ஆனால் சும்மா இருந்து மாஸ்டர் ஆனவர் அந்தக் கணக்கில் யாரும் இல்லை.

உங்கள் பெண் கேட்ட கேள்விக்கு நேரடியாகவே ஒரு பதில் இருக்கிறது. அதே 2007இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மெரிம் பிலாலிச் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் மதிப்பெண், அதிகம் உள்ள பிள்ளை கொஞ்சம் நன்றாக ஆடுகிறது. நன்றாக ஆடுகிற பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ்: ஐக்யூ கொஞ்சம் குறைவாக இருந்தவர்கள்தான் மேலே இருந்தார்கள், காரணம் அவர்கள் அதிகம் பயிற்சி எடுத்திருந்தார்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். அந்தத் தினசரி ஒரு மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்? ஆன்லைனில் மூன்று நிமிட ஆட்டம் இருபது ஆடினால் அது பயிற்சியே இல்லை. டோர்னமெண்டில் நகர்த்தலை எழுதும் தாளெல்லாம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்து, எந்த நகர்த்தலில் கை தவறியது என்று அவளையே குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

---

விசில் எழுதியது:

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் நான். ஏழாம்_வரிசை சார் எழுதியதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, ஆனால் மைதானத்தில் இருந்து பார்த்தவனுக்குப் பிறவி என்பது கண்ணெதிரே நிற்கும். உயரம் தாண்டுதலில் ஸ்வீடன் நாட்டு ஸ்டெஃபான் ஹோம் என்று ஒருவர், உயரம் வெறும் 1.81 மீட்டர். சின்ன வயதிலிருந்து அது ஒன்றே வாழ்க்கை. 2004 ஏதென்ஸில் ஒலிம்பிக் தங்கம், அடுத்த வருடம் உள்ளரங்கில் 2.40 மீட்டர், அதாவது தன் தலைக்கு மேல் 59 செண்டிமீட்டர். 2007இல் ஒசாகா உலகப் போட்டியில் அவரை முந்தித் தங்கம் வாங்கியவர் பஹாமாஸ் நாட்டு டொனால்டு தாமஸ். கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன், உயரம் தாண்டுதலைத் தொட்டே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஹோம் அன்று நாலாவது. அவருடைய இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள், எனக்கு அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று. தாமஸ் அன்று தாண்டியது 2.35. அதற்கு மேல் ஏற அவருக்கு 2016 ஆனது, அதுவும் 2 செண்டிமீட்டர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறவி என்றால் தொடக்கத்தில் இருக்கும் திறமை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பயிற்சிக்கு உடம்பு எவ்வளவு இசைந்து கொடுக்கும் என்பதும் பிறவிதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நூறு குடும்பங்களுக்குப் பக்கம், உடற்பயிற்சியே செய்யாத 480 பேரை, 20 வாரம் ஒரே அளவு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சிலருக்கு உடம்பு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் அளவு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூடியது, சிலருக்கு எதுவுமே கூடவில்லை. ஒரே குடும்பத்தில் உள்ளவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி முன்னேறினார்கள். தொடக்கத்தில் யார் முன்னால் இருந்தார் என்பதை வைத்து யார் அதிகம் கூடுவார் என்று சொல்ல முடியவில்லை. என் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் கடைசியாக ஓடிவந்த பையன்கள் பத்தாம் வகுப்பில் மாவட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அதனால்தான் முதல் எட்டு மாதத்தை நான் நம்புவதே இல்லை.

---

நந்தா92 எழுதியது:

எல்லோரும் ஆளை மட்டும் பார்க்கிறீர்கள், ஊரைப் பாருங்கள். 1988இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை இந்தியாவில் ஒருவர்கூட இல்லை. இன்று 80க்கும் மேல், அதில் மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாடு. இடைப்பட்ட காலத்தில் நம் ரத்தமா மாறிவிட்டது? கோச் வந்தார்கள், போட்டி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பக்கத்துத் தெருப் பையன் ஆடுகிறானே என்று பெற்றோர் அனுப்பினார்கள். வைஷாலியை செஸ் கிளாஸில் சேர்த்ததே டிவியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா உட்கார்ந்தார். இன்று உலகத்திலேயே அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் என்றால் முதலில் அவர்கள்தான். அந்த டிவி பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் திறமை எங்கே போயிருக்கும்? 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷுக்காக அவர் அப்பா தன் மருத்துவத் தொழிலையே விட்டுவிட்டுப் போட்டி போட்டியாகக் கூடப் போனார். எத்தனை வீட்டில் முடியும்?

---

ஜண்டை எழுதியது:

தம்பி, நான் செஸ் ஆள் இல்லை, பாட்டு டீச்சர். ஆனால் "உழைப்பாளின்னா மூளை கம்மியா" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சங்கீதத்தில் பிறவி ஞானம் என்ற பேச்சுதான் எப்போதும். ஒரு ஸ்வரத்தைக் கேட்டதும் இது இன்னது என்று எந்தத் துணையும் இல்லாமல் சொல்கிறவர்கள் உண்டு, அது பிறவி வரம் என்றே உலகம் முழுக்க நம்பினார்கள். ஜப்பானில் சகாகிபாரா என்பவர் 2 முதல் 6 வயது வரை உள்ள 24 குழந்தைகளுக்குப் பியானோவில் தினமும் சில நிமிடம் ஸ்வரக் கூட்டுகளை அடையாளம் காணப் பழக்கினார். இரண்டு குழந்தைகள் பாதியில் நின்றுவிட்டார்கள், மீதி 22 பேருக்கும் அந்த வரம் வந்துவிட்டது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸைச் சொல்லாமல் முடியாது. ஒன்பது வயதில் கச்சேரி மேடை. கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கமே இல்லாத வாத்தியம். அவருடைய குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது, அவர் பாடுவார், குழந்தை அதைக் கேட்டு வாத்தியத்தில் தேடி எடுக்கும். அதைப் பிறவி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அப்படித் தேடித் தேடி எடுத்ததுதான் அந்தக் கையைச் செய்தது என்றும் தோன்றுகிறது. காட்டித்தர ஆள் இல்லாததால் ஒவ்வொரு கமகத்துக்கும், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் விதத்துக்கும், அவரே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

என் கதை. குருவிடம் ஒரே வருடத்தில் நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்தோம். எனக்கு ஒருமுறை கேட்டால் போதும். அவளுக்கு ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் தொடக்கப் பாடமான ஜண்டை வரிசையே பிடிபடவில்லை, "ஸஸ ரிரி" என்னும்போது இரண்டாவது ஸ்வரத்தில் விழ வேண்டிய அழுத்தம் விழாது, வெறுமனே இரண்டு தடவை சொல்லுவாள். குரு அதே ஒரு வரியை நான்கு வாரம் பாட வைத்தார், நான் அதற்குள் பிந்தைய பாடமான கீதத்துக்குப் போய்விட்டேன். எட்டு வருடம் கழித்து தோடி ராக ஆலாபனை வந்தது. தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கேட்டதும் வந்துவிடும் என்று பழகிய எனக்கு அது வரவில்லை, வராததை உட்கார்ந்து பிடித்துப் பழக்கமும் இல்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. இன்று மேடையில் பாடுகிறவள் அவள்தான், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீரோடு கேட்டிருக்கிறேன்.

---

கரூர்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐக்யூ விஷயத்தை ராத்திரியே சொன்னேன். "நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

ஏழாம்_வரிசை சார், நீங்கள் சொன்னபடி தாள்களை எடுத்தோம். தோற்ற ஆட்டம் பதினான்கு. நான் வாயே திறக்கவில்லை. அவளே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பதினான்கில் ஒன்பதில் வட்டம் நாற்பதாவது நகர்த்தலுக்கு அப்புறம்தான் இருக்கிறது, அதாவது காய்கள் குறைந்து ராஜாவும் சிப்பாயும் மட்டும் நிற்கும் நேரத்தில். கிளாஸில் இந்தக் கடைசிக் கட்ட ஆட்டம், எண்ட்கேம், சொல்லித் தரவே இல்லையாம், ஆட்டத் தொடக்கமான ஓப்பனிங்தான் மூன்று வருடமாக.

---

ஏழாம்_வரிசை எழுதியது:

நினைத்தேன் சார். சரி, இன்று இதை மட்டும் வையுங்கள். வெள்ளைச் சிப்பாய் இ6, வெள்ளை ராஜா டி5, கறுப்பு ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே இ7 (எழுத்து மேல்கீழ் வரிசை, எண் குறுக்கு வரிசை). கறுப்பு நகர்த்த வேண்டும். பின்னால் மூன்று கட்டம் இருக்கிறது: நேர் பின்னால், வலது மூலை, இடது மூலை. ஒன்றில் போனால்தான் டிரா, மற்ற இரண்டிலும் தோல்வி. விடையைச் சொல்லாதீர்கள், மூன்றையும் ஆடிப் பார்க்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் விடுங்கள்.

---

கரூர்_அப்பா எழுதியது:

நாற்பது நிமிடம் ஆனது. முதலில் டி8 போனாள், நான் வெள்ளையை ஆடினேன், தோற்றாள். எஃப்8 போனாள், மறுபடி தோல்வி. அப்புறம் காயைத் தொடாமல் கையைக் கன்னத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நேரா பின்னாடி போனா, அவன் ராஜா எந்தப் பக்கம் ஏறினாலும் நான் நேருக்கு நேர் வந்து நின்னுடலாம்ப்பா" என்று இ8இல் வைத்தாள். ஆடினோம், ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே நகர்த்த இடமில்லாமல் டிரா.

இப்போது இடத்தை மாற்றி உட்காரச் சொல்கிறாள், அவள் வெள்ளையாம், நான் எப்படித் தப்பிக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த பொசிஷன் அனுப்புங்கள் சார்.