கரண்ட் போனால் 2015க்குப் போகும் கடிகாரம்

கேள்வி:
ஆத்தங்குடியில் எங்கள் அப்பாவின் டைல்ஸ் பட்டறைக் கணக்கு முழுக்க ஒரே பழைய கம்ப்யூட்டரில்தான். கரண்ட் போய் வந்தால் தேதி 2015க்குப் போய்விடுகிறது. நேற்று தேவகோட்டைக்கு அனுப்பிய பில்லிலும் அதே வருடம். ஜிஎஸ்டி தளமும் திறக்கவில்லை. தானாக நேரம் எடுக்கும் வசதி ஆனில்தான் இருக்கிறது. அப்பா 40 வருடமாகத் தேதி தவறாமல் கணக்கு எழுதுபவர், ரொம்ப வருத்தப்படுகிறார்.

பதில் 1:
தம்பி, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும்.

பதில் 2:
பேட்டரியோடு வேலை முடியாது. அலுவலக நெட்வொர்க்கில் சேராமல் தனியாக இயங்கும் விண்டோஸ், சரியான நேரத்தோடு உள்ள வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாகத் தானாகத் திருத்தாது. முதலில் தேதியைக் கையால் சரிசெய்து, அப்புறம் சிங்க் (இணையத்திலிருந்து நேரம் எடுப்பது) கொடுங்கள். நேரம் தரும் சர்வராக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி போடலாம். ரவுட்டரில், நேரத் தகவல் போய்வரும் வழியான யுடிபி 123 போர்ட் திறந்திருக்க வேண்டும். தகவல் போய்வரும் நேரத்தையும் என்டிபி (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) கணக்கில் எடுத்துக்கொள்ளும். இணைப்பு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

கேட்டவர்:
காரைக்குடியில் பேட்டரி வாங்கி மாற்றினேன், அண்ணே. இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், தேதி நிற்கிறது. இனி அந்தப் பழைய பில்களைத் திருத்த வேண்டும்.