லேஞ்சி குத்திய பிள்ளைகளோடு ஒரு வாரம்

சென்னை ராயபுரத்திலுள்ள எங்கள் திருச்சபையிலிருந்து ஆறு பேர், இங்கே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மே மாதத்தில், இலங்கையின் அட்டன் நகருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்கு ஊழியப் பயணமாகச் சென்று வந்தோம். நான் தண்டையார்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் 11 ஆண்டுகளாக எல்.கே.ஜி. வகுப்பு எடுப்பவள். தமிழ் பேசும் பிள்ளைகள், தெரிந்த வேலை, மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை என்ற தைரியத்தில், கைப்பொம்மைகளும் பிளானல் துணிப் படங்களும் அடைத்த இரண்டு பெட்டிகளோடு போய் இறங்கினோம்.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரை 26 பிள்ளைகள். ஒரே அறை, ஒரே ஆசிரியை. தாய்மார் விடிந்ததும் பெரட்டு எனப்படும் காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறிவிடுவதால், பெரும்பாலும் பாட்டிமார்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். ஆசிரியை எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைத் தனியே அழைத்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. முதல் ரெண்டு நாளைக்கு விளையாட்டு ஒண்ணும் காட்ட வேணாம், சும்மா பின்னால உட்காருங்க" என்றார். அதற்கு முன் வந்த ஒரு குழு நான்கு நாள் ஆட்டமும் பாட்டுமாகப் பிள்ளைகளைக் குதூகலப்படுத்திவிட்டுப் போய்விட்டதாம். அடுத்த ஒரு வாரம் வகுப்பு வகுப்பாக இல்லை, அந்த மாமா எப்போது வருவார் என்று கேட்டுச் சில பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்களாம். "அவங்க போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, அழுகையை நான்தான் பார்த்தேன்" என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. எங்களில் ஒரு சகோதரருக்கு முகம் சுருங்கிவிட்டது; இவ்வளவு பணம் செலவழித்து உட்காரவா வந்தோம் என்று அவர் முணுமுணுத்ததை நான் கேட்டேன். வகுப்பெடுக்கும் எனக்கோ ஆசிரியை சொன்னது உடனே விளங்கியது, ஏனென்றால் விருந்தினர் வந்துபோன மறுநாள் என் வகுப்பும் அப்படித்தான் கலைந்து கிடக்கும்.

ஆகவே பென்சில் சீவினேன். மூக்கு துடைத்தேன். அங்கே ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும், இடது மார்பில், நான்காக மடித்த ஒரு கைக்குட்டை ஊக்கால் குத்தப்பட்டிருக்கும். அதை லேஞ்சி என்கிறார்கள். அந்தக் குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்க, பத்து மணிக்குள் லேஞ்சி நனைந்துவிடும். அதைக் கழற்றி அலசி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டு, காய்ந்ததை யாருடையது என்று கண்டுபிடித்துத் திரும்பக் குத்துவது ஒரு முழு வேலை. ஈரக்காற்றில் ஊக்குகள் துருப்பிடித்து, துணியில் பழுப்புப் புள்ளியாக அச்சு விட்டிருந்தன. நாற்காலியை இழுத்துப் போடு என்று நான் சொன்னபோது ஒரு சிறுமி, "அது கதிரை டீச்சர்" என்று திருத்தினாள். ஷூவைச் சப்பாத்து என்றும் அவளே கற்றுக்கொடுத்தாள். இரண்டாம் நாள் முடிவதற்குள் 26 பெயரும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

மூன்றாம் நாள் ஆசிரியையே துணிப் படங்களை எடுக்கச் சொன்னார். பைபிளில் வரும் யோனாவின் கதையைத் தொடங்கினேன். நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். கடல் என்று சொன்னாலே போதும் என்று நினைத்துவிட்டேன். நீலத் துணியை விரித்ததும் ஒரு பையன், "காசல்ரீ டேம் மாதிரியா?" என்று கேட்டான். அதைவிடப் பெரியது என்றேன். "அப்ப அந்தப் பக்கத்துல எந்தத் தோட்டம் தெரியும்?" என்றான். ஒன்றும் தெரியாது, வானம்தான் தெரியும் என்றதை அவன் நம்பவில்லை, மற்றவர்களும் நம்பவில்லை. யோனாவை மீன் விழுங்கியதை மட்டும் எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கதை அங்கேயே நின்றுபோய், மீதி நேரம் முழுவதும் அலை எப்படி வரும் என்பதைக் கையை ஆட்டி ஆட்டி நடித்துக்காட்டுவதிலேயே கழிந்தது.

கதை முடிந்ததும் பிள்ளைகளைக் கண்மூடச் செய்து, இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும் அர்ப்பணிப்பு ஜெபம் நடத்தலாம் என்று எங்கள் குழுத் தலைவர் விரும்பினார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு இருந்தது. பார்த்துக்கொள்வோம் என்று நம்பித்தானே வீட்டார் பிள்ளைகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்று நான் மறுத்தேன். இதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பேரனை அழைக்க வரும் ஒரு பாட்டி, நான் மெட்ராஸ் என்று அறிந்ததும் தினமும் சற்று நேரம் நின்று பேசுவார். 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாகி, பிறகு ஆண்டுக்கணக்காகத் தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பினார்களே, அதில் அவருடைய அண்ணனும் போய்விட்டார். கூடலூரில் இருப்பதாகக் கடைசிக் கடிதம் வந்ததாம். "உங்க வீட்டுக்குக் கிட்டவா கூடலூர்?" என்று கேட்டார். ஓர் இரவுப் பயணம் என்றேன். அவர் பேரனின் லேஞ்சியைச் சரிசெய்துவிட்டு நடந்தார்.

கடைசி நாள் போகிறோம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, நாள்காட்டியில் கட்டம் போட்டு எண்ணிக் காட்டியிருந்தார் ஆசிரியை. இரண்டு பேர் அழுதார்கள். மற்றவர்கள் கையசைத்துவிட்டுக் களிமண் உருட்டப் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு இரண்டு பேர் மட்டும் மூன்று வாரத்துக்குப் போகிறோம். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, துருப்பிடிக்காத ஊக்கு நான்கு டஜன், முடிந்தால் வெள்ளைப் பருத்தித் துணி பத்து மீட்டர் என்று ஆசிரியை பதில் அனுப்பியிருக்கிறார். துணியை எம்.சி. ரோட்டில் வாங்கிவிட்டேன், ஊக்குக்குத்தான் இன்னும் கடை கடையாக அலைகிறேன்.