ஸ்வாப்: பரிமாற்றமா, கைமாற்றா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இயங்குதள மொழிபெயர்ப்பில் ஸ்வாப்புக்கு (swap: ரேம் என்னும் தற்காலிக நினைவகம் போதாதபோது வட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்வது) 'பரிமாற்றம்' என்று போட்டிருக்கிறோம். பொருந்தவில்லை. தரவுப் பரிமாற்றம், பணப் பரிமாற்றம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 'பரிமாற்ற இடம் நிரம்பிவிட்டது' என்று திரையில் வந்தால், கோப்பு அனுப்புவதில் கோளாறு என்றே பயனர் நினைப்பார்.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஸ்வாப் என்ற வினைக்கு அடித்தல், அறைதல் என்றே பொருள். பேரம் படிந்ததும் ஒருவர் கையில் மற்றவர் அடித்து உறுதி செய்வார்கள். அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பண்டம் மாற்றுவதற்கே அது பெயராயிற்று. நம்மிடமும் கையில் அடித்துச் சத்தியம் செய்வது உண்டு. ஆகவே 'கைமாற்று' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ரேம் நெருக்கடியாகும்போது, உடனே தேவைப்படாத பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) இயங்குதளத்தின் கருவான கெர்னல் வட்டில் எழுதி வைக்கிறது; நிரல் கேட்டதும் திரும்ப எடுத்து வருகிறது. அவசரத்துக்கு வாங்கி நாலு நாளில் திருப்பும் கைமாற்றும் இப்படித்தான். கைமாற்றுக்கு வட்டி இல்லை. இங்கே மட்டும் வேகக் குறைவு என்ற வட்டி உண்டு.

> ஆகவே 'கைமாற்று' என்று வைக்கலாம்

அன்பின் ஐயா,

வட்டில் ஒதுக்கும் இடத்துக்குக் கைமாற்று அருமையாகப் பொருந்துகிறது. மைய வங்கிகள் தங்கள் நாணயங்களைத் தவணைக்கு மாற்றிக்கொள்ளும் நாணய ஸ்வாப்புக்கும் பொருந்தும். அதிலும் முதல் தொகை தவணை முடிவில் திரும்பியாக வேண்டும்.

ஆனால் நிரலில் இரண்டு மாறிகளின் மதிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்ற எழுதும் ஸ்வாப்புக்கு அதையே வைக்கக் கூடாது. அங்கே கடன் இல்லை, திருப்புதலும் இல்லை. க = 5, ச = 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'க = ச, ச = க' என்று எழுதினால் இரண்டும் 7 ஆகிவிடும்; முதல் வரியிலேயே 5 அழிந்துவிட்டது. அதனால் த என்ற தற்காலிக மாறியில் 5ஐ முதலில் எடுத்து வைக்கிறோம்: த = க, க = ச, ச = த. மணமேடையில் மாலை மாற்றிக்கொள்வது போல இவர் கழுத்தில் இருந்தது அவருக்கு, அவருடையது இவருக்கு. கழற்றிய மாலையைத் தாங்கும் கைதான் அந்த த. எனவே இதற்கு 'மாற்றிக்கொள்' போதும். அந்தக் 'கொள்'ளிலேயே இருவழிப் போக்கு வந்துவிடுகிறது. 'இடமாற்று' வேண்டாம், கோப்பை நகர்த்துவது என்று படும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப் செய்யலாம் என்று சொல்வதும், இயல்பாக 60 என்று இருப்பதுமான ஸ்வாப்பினெஸ் அளவைக் 'கைமாற்று நாட்டம்' எனலாம். மீதி இருப்பவை ஸ்வாப்-இன் (வட்டிலிருந்து ரேமுக்கு வருவது), ஸ்வாப்-அவுட் (ரேமிலிருந்து வட்டுக்குப் போவது). ஸ்வாப்-இன்னுக்கு 'மீட்பு' என்று வைக்க ஆசைதான், ஆனால் அழிந்த கோப்பை மீட்பதற்கு அது போய்விட்டது. போக்குவரத்தைப் பிரித்து வரத்து, போக்கு என்று வைத்துப் பாருங்கள். நினைவக நிலவரத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையின் பட்டியலில் குறுகிய பத்தித் தலைப்புக்கும் அடங்கும்: வரத்து 0, போக்கு 0 என்றால் நலம், இரண்டிலும் பெரிய எண்கள் விடாமல் ஓடினால் ரேம் போதவில்லை, கணினி பக்கங்களைத் தூக்கி வைப்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறது.